இத்தனை வருடம் சாப்பிட்ட இறால்



முந்தலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு இறால் பண்ணையில் வேலை. சின்ன வயதிலிருந்தே இறால் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். அண்மையில் ஒரு நாள் இறால் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவ முன்னரே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். "கிரந்திச் சாப்பாடு என்று மாமி சொல்கிறா. அப்படியென்றால் இத்தனை வருடம் அந்தக் கிரந்தி எங்கே போயிருந்தது?"

மாமியை மடக்கும் கேள்விதான். ஒவ்வாமை முன்பின் அறியாத பொருளுக்கு வருவதில்லை. உடம்பு ஒருமுறையாவது சந்தித்துப் பகையாளி என்று குறித்துவைத்த பொருளுக்குத்தான் வரும். அந்தக் குறிப்பு நாற்பது வயதிலும் விழலாம்.

இதை முதலில் காட்டித்தந்ததும் கடற்பிராணிகளே. உடப்புக் கரைவலையில் மீனோடு ஏறிக் கையை எரியவைக்கும் சொறி என்ற ஜெலிமீன் இருக்கிறதல்லவா, அதன் உறவுக்காரப் பிராணி ஒன்றின் நஞ்சை 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் வைத்து ஆராய்ந்தார்கள் விஞ்ஞானிகளான சார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேயும். பாரிஸ் திரும்பியதும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றினார்கள். தடுப்பூசி போலப் பழக்கிவிட்டால் நாய் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. நெப்டியூன் என்ற நாய் முதல் தடவை தாங்கியது. சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் ஏற்றியதும் அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. கணக்குத் தலைகீழானது, அதைக் கண்டறிந்ததற்காக ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் செத்தது என்பது புரிய 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் பிடிபட்டது. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை விரட்டுவது அதன் வேலை என்று கருதுகிறார்கள். சிலரின் உடம்பு, இறால் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்துக்கு எதிராக அதைத் தயாரித்துவிடுகிறது. அது தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் கலங்களில் ஒட்டிக்கொள்ள, அவை திரி வைத்த வெடி போலக் காத்திருக்கும். அடுத்த முறை இறால் வந்ததும் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டும். இரத்தக் குழாய்கள் கசியும், தொண்டை வீங்கும், இரத்த அழுத்தம் விழும். அந்த இறால் புரதம் வேகவைத்தாலும் சிதையாது.  

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கரையோரத்தில் இது அடிக்கடி குழம்பிப்போகிறது. சூரைக்கறி சாப்பிட்ட வீட்டார் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரித்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மீனில் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது போகாது. அந்த மீன்தான் கெட்டது, சூரையை வாழ்நாள் முழுக்க ஒதுக்கவேண்டியதில்லை. இறாலுக்கு மூச்சிழுத்தவர் கதை அப்படியல்ல. அவருக்கு எவ்வளவு புது இறாலும் ஆகாது.

மூச்சு முட்டினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ பிரிற்றன் குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது அரிப்புக்கு உதவும், உயிரைப் பிடித்து நிறுத்தாது. தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஆளை நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் இருத்திவையுங்கள். தேறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம், ஆகவே டொக்டர் விடும்வரை வீட்டுக்கு அவசரப்படாதீர்கள். கணவர் பண்ணை வேலையைத் தொடரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், ஏனென்றால் இறால் அவியும் ஆவியும் சிலருக்குப் போதும்.

கடிதத்தின் கடைசி வரி: "மீன் கருவாடு கொடுக்கலாமா?" மீனில் ஒவ்வாமை தரும் புரதம் வேறு, அதனால் இதுவரை மீன் ஒத்துக்கொண்டவருக்குப் பொதுவாகப் பயமில்லை. நண்டைத் தவிர்க்கவேண்டும், கணவாயை டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். கூனிச் சம்பலைக் கண்ணிலும் காட்டாதீர்கள் அம்மா. காய்ந்தாலும் கூனி இறால்தான்.

அன்புடன்,
ஆசிரியர்