நூற்றிலே ஏழு போனால்

"நூற்றிலிருந்து ஏழைக் கழியுங்கள், மிஞ்சியதில் மீண்டும் ஏழைக் கழியுங்கள்." பள்ளிப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியன்று இது. 'அறளை பெயர்தல்' என்று நம்மவர் கூறும் மறதி நோய் முதியவரிடம் தலைகாட்டுகிறதோ என அறிய வைத்தியர் கேட்பது. போல்ஸ்டீன் தம்பதிகளும் மக்ஹியூவும் 1975இல் அமெரிக்காவில் வெளியிட்ட இப்பரீட்சைக்கு மொத்தம் 30 புள்ளிகள். 24க்குக் குறைந்தால் ஐயத்துக்கு இடமுண்டு என்பர்.

புள்ளியிடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கோ வேறோர் ஐயம். இஃது அளப்பது மூளையையா, படிப்பையா? அமெரிக்காவிற் பதினெண்ணாயிரம் பேரின் புள்ளிகளை ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டனர். ஒன்பதாண்டாயினும் கற்றோரின் இடையம் 29. நான்காண்டோ அதனினுங் குறைவாகவோ கற்றோரின் இடையம் 22! நோயற்ற பாட்டி தவறிவிடலாம். நோய் தொடங்கிய பட்டதாரி தேறிவிடலாம். நாம் அஞ்சுவது பின்னவருக்காகவே.

மொன்றியல் நகரில் நஸ்ரெடீன் குழுவினர் 2005இல் வெளியிட்ட பரீட்சை இதனினுங் கடினமானது, கடிகாரமும் வரைவிப்பர். பன்னிரண்டாண்டுக்கு மேற் கல்லாதோருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பர். ஒன்றே ஒன்று!

ஆகவே, தந்தையார் 27 பெற்றாரென மகிழ்ந்து வீடு திரும்புமுன், சென்ற ஆண்டு கடைக் கணக்கைத் தாமே பார்த்தவர் இவ்வாண்டு தடுமாறுகிறாரெனின், அதனையும் வைத்தியரிடம் கூறிவிடுங்கள்.