சக்கையிலும் சத்து உண்டு!

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு கலவரம். என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. அடுத்த வீட்டு அக்கா சொன்னாரென்று தினமும் காலையில் பாகற்காய்ச் சாறு குடிக்க ஆரம்பித்தார். மாத்திரையும் உண்டு. ஒரு நாள் இரண்டையும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே பூண்டுச் சந்தைக்குக் கிளம்பினார். வாசற்படியிலேயே வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார்.

"மாத்திரையும் குறைக்கும், சாறும் குறைக்கும். என்னைக் கேக்காம ரெண்டையும் சேக்கலாமா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து என்றார்.

அன்றோடு சாறு நின்றது. ஆனால் அதுவரை நான் வடிகட்டிக் குப்பையில் கொட்டிய சக்கையை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை! 100 கிராம் பச்சைப் பாகற்காயில் ஏறக்குறைய 84 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உண்டு. அது தண்ணீரில் கரைவது. பெரும்பகுதி சாற்றோடு போய்விடும். நார்ச்சத்தோ சக்கையில்தான் தங்குகிறது. மலச்சிக்கலுக்கு நல்லது. உடலின் செல்கள் கெடாமல் காக்க உதவும் பாலிபீனால்கள் தோல், உட்சதை, விதை எல்லாவற்றிலும் இருக்கின்றன. வெள்ளை உட்சதையைச் சுரண்டி எறிவதும், உப்புப் போட்டுப் பிழிந்து கொட்டுவதும் நஷ்டமே.

இப்போது நான் காயை அரைத்து வடிப்பதே இல்லை. உட்சதையோடு பொடியாக நறுக்கித் துவையல் அரைக்கிறேன். சாறு பிழிகிறவர்கள் சக்கையிலும் இதைச் செய்யலாம்.

இரண்டு பாகற்காய்க்கு 2 மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 4 மிளகாய் வற்றல், 8 பல் பூண்டு, சிறிது புளி, உப்பு. நல்லெண்ணெயில் பருப்பு, மிளகாய், பூண்டை வறுத்து எடுத்து, காயைச் சுருள வதக்கி, எல்லாம் சேர்த்து அரையுங்கள். பூண்டுக்கு நாங்கள் அலைய வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் வடுகபட்டிச் சந்தைக்கே வருகிறது!

முற்றிய விதையை மட்டும் நீக்கிவிடுங்கள். அதிலுள்ள வைசின், ஜி-6-பி.டி. நொதிக் குறைபாடு உள்ளவர்களின் ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். கர்ப்பிணிகள் பாகற்காய்ச் சாற்றையும் விதையையும் தவிர்ப்பது நல்லது.

டாக்டரைக் கேட்டு, மாமியாருக்குச் சோற்றோடு ஒரு கரண்டி துவையல் வைக்கிறேன். "கசப்பா இருந்தாலும் பூண்டு வாசம் இழுக்குதுடி" என்கிறார்!