புதுப் பற்றரி போட்டும் கார் அசையவில்லையா?



பாடசாலைப் பிள்ளைகளைத் தனது பழைய சிறிய காரில் ஏற்றி இறக்கிப் பிழைக்கும் ஒரு சகோதரி அண்மையில் என்னிடம் கேட்டார். "தங்கச்சி, தோட்டை அடகு வைச்சுப் புதுப் பற்றரி வாங்கிப் போட்டன். திறப்பைத் திருப்பினால் டிக் டிக் எண்டு சத்தம் மட்டும்தான் வருது. இப்ப ஸ்ராட்டர் மோட்டரையும் மாத்த வேணுமெண்டு சொல்லுகினம். உண்மையோ?"

அவருடையது பெண் தலைமைத்துவக் குடும்பம். மாதம் பிறந்தால் லீசிங் காசு கட்ட வேண்டும். இரண்டு நாள் கார் ஓடாவிட்டால் பெற்றோர் வேறு வாகனம் பிடித்துவிடுவார்கள். ஆகவே இது இயந்திரப் பிரச்சினை மட்டுமல்ல.

போனட்டுக்குக் கீழே இருப்பது ஆண்களின் உலகம் என்று எங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பற்றரி கிடையாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்! அந்த அறிவுக்கு மேல் இதற்கு அதிகம் தேவையில்லை.

முதலில் முன் விளக்கைப் போடுங்கள். பின்னர் ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டு விளக்கைக் கவனியுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் பற்றரியை விட்டு வெளியே வரவில்லை. இணைப்பு விட்டிருக்கும், அல்லது பிரதான பியூஸ் போயிருக்கும். எரிந்த விளக்கு மங்கி, டிக் டிக் சத்தமும் கேட்டால், பற்றரியில் சார்ஜ் குறைவு அல்லது இணைப்பு இறுக்கமில்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து இயந்திரம் மட்டும் சுற்றாவிட்டால்தான் ஸ்ராட்டரையும் அதற்குப் போகும் வயரையும் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் முன்னர் கியரைப் பாருங்கள். ஓட்டோமற்றிக் வாகனம் P அல்லது N இல் நிற்க வேண்டும். சில வாகனங்களில் கிளச்சை முழுதாக மிதித்தால்தான் ஸ்ராட் ஆகும்.

அந்தச் சகோதரியின் காரில் விளக்கு மங்கியது. வயர் நுனியிலுள்ள கிளாம்பைக் கையால் அசைத்தபோது அதுவும் சேர்ந்து ஆடியது. ஜப்பானிய அளவுப் பற்றரிகளில் மெல்லிய முனை உள்ளவையும் தடித்த முனை உள்ளவையும் இருக்கின்றன. தடித்த முனைக்கான கிளாம்பை மெல்லிய முனையில் மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. இதற்கென்றே ஈயத்தில் சிறு வளையம் விற்கிறார்கள். அதைப் போட்டு இறுக்கியதும் கார் ஓடியது. ஸ்ராட்டர் மோட்டருக்கு ஒன்றும் இல்லை!

கிளாம்பின் உட்புறத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் இதே கதைதான். அப்பச்சோடா கரைத்த நீரில் பழைய பல்தூரிகையை நனைத்துத் தேய்த்து, கழுவி, நன்றாக உலர்த்துங்கள். புதுப் பற்றரியின் முனைகளில் வரும் பிளாஸ்ரிக் மூடி கழற்றப்பட்டதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதோடு மாட்டுபவர்களும் உண்டு.

கை வைக்கும் முன் காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே உலோகம் பட்டால் அந்த நொடியே பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றும்போது முதலில் கறுப்பு, மாட்டும்போது கடைசியில் கறுப்பு. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரக்கூடும். ஆகவே நெருப்புக்குச்சி, குப்பி விளக்கு கொண்டு எட்டிப் பார்க்க வேண்டாம்.

சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறி மாட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. பிரதான பியூஸ் எரிந்திருக்கும், சார்ஜ் கொடுக்கும் அல்ரனேற்றரும் பழுதாகியிருக்கலாம். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் மாறி மாட்டியவர் யார் என்பதை மறக்காதீர்கள். கடைக்காரரே மாட்டியிருந்தால் திருத்தும் செலவை அவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

புதிது என்பதால் பற்றரி நிரம்பியிருக்கும் என்று நம்பவும் வேண்டாம். கடையில் பல மாதம் இருந்ததாகவும் இருக்கலாம். ஒரு சிறிய மல்ரிமீற்றர் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். வாகனம் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பின் 12.6 வோல்ற் காட்டினால் பற்றரி நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய அரைவாசி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ணாமல் பயனில்லை. ஸ்ராட் பண்ணும் கணத்தில் 10க்குக் கீழே வெகுவாக விழக்கூடாது.

இயந்திரம் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பற்றரியை விட்டுவிடுங்கள். சில கார்களில் பற்றரி கழற்றி மாட்டியதும் திருட்டுத் தடுப்பு அலாரம் விழித்துக்கொள்ளும். ரிமோட்டில் ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பெற்றோல், பிளக், பியூஸ் பக்கம் தேட வேண்டும். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயர்களை மாத்திரம் ஒருபோதும் தொடாதீர்கள். அது உயிராபத்து.

ஓடத் தொடங்கி நாலைந்து நாளில் மறுபடி படுத்துவிட்டதா? அப்படியானால் பழைய பற்றரியும் குற்றமற்றதாக இருந்திருக்கலாம். இயந்திரம் ஓடும்போது பற்றரி முனையில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அல்ரனேற்றர் சார்ஜ் கொடுக்கவில்லை. 2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்று பற்றரி இறந்த வாகனங்கள் பல. அது வேறு. ஓடிக்கொண்டே இறந்தால் காரணம் தேடாமல் இன்னொன்று வாங்க வேண்டாம்.

கராஜுக்குப் போகத்தான் வேண்டுமென்றால், "என்ன பழுது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எத்தனை வோல்ற் காட்டுது, எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பற்றரியின் உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வையுங்கள். காருக்குள் வைத்தால் தொலைந்துவிடும்.