வேலியே பயிரை மேய்ந்தால்?

அரசியற் பத்திரிகைக்குச் சினிமா எதற்கு என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அண்மையில் நீதிமன்ற இடைவேளையின்போது, எம்மோடு தொழில் புரியும் இளஞ் சட்டத்தரணி ஒருவர், தமது வழக்கு மீண்டும் தவணையிடப்பட்ட எரிச்சலில், "சட்டத்தால் இனி ஆகாது ஐயா, ஒரு பட்மன்தான் வரவேண்டும்" என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் பயின்றவர் நாவிலேயே இச்சொல் பிறக்குமாயின், வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் நடந்து செருப்புத் தேய்ந்த கமக்காரன் என்ன சொல்லான்?

அவ்விளைஞர் மனதிற் கொண்டிருந்தது "த டார்க் நைட்" என்னும் படம். கிறிஸ்தோபர் நோலன் நெறிப்படுத்தி 2008 ஜூலையில் வெளிவந்தது. 2005 இல் வந்த "பட்மன் பிகின்ஸ்" படத்தின் தொடர்ச்சி. பகலிற் கோடீசுவரனாகவும் இரவில் வௌவால் வேடந் தரித்த காவலனாகவும் உலவும் ஒருவனின் கதை. உலகெங்கணும் நூறு கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. இத்தனை மக்கள் கைதட்டி வரவேற்ற கதை, சட்டத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் என்ன போதிக்கின்றது என்று விசாரிப்பது அரசியல்வாதியின் வேலையே அன்றி வேறென்ன?

முதலில் அதற்குரிய புகழைக் குறைவின்றிக் கொடுத்துவிடுவோம். தொடர்ச்சிப் படங்கள் பெரும்பாலும் முந்திய படத்திலும் பெரிய வெடியோசையையே கொண்டுவரும். இப்படமோ பெரியதொரு கேள்வியைக் கொண்டுவந்தது. முகமூடிக் காவலன் ஒருவன் தோன்றியதனால் நகரம் திருந்திற்றா, அன்றி அவனுக்கு நிகரான முகமூடிக் கொடியவனைத் தானே ஈன்றெடுத்ததா? அக்கொடியவனாகிய ஜோக்கரின் வேடந் தாங்கிய ஹீத் லெட்ஜர், படம் வெளிவருமுன்னரே, 2008 ஜனவரியில் தமது இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு ஒஸ்கார் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. பணத்துக்கு ஆசைப்படாத, குவித்த பணத்தையே தீயிட்டுக் கொளுத்துகின்ற ஒரு பகைவனை அவர் நடித்துக் காட்டிய திறம் மறக்கற்பாலதன்று.

அதனினும் சிறந்தது விசாரணைக் காட்சி. சிறைப்பட்ட ஜோக்கரை, பொலிஸ் நிலையத்தின் பூட்டிய அறையினுள்ளே பட்மன் அடித்து நொறுக்குகின்றான். கடத்தப்பட்ட இருவர் எங்கே என்பதே கேள்வி. அடி விழ விழ அவன் சிரிக்கின்றான். ஈற்றில் இரண்டு முகவரிகளைத் தருகின்றான். அவையோ ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லப்பட்டவை! பெண்ணைக் காக்க ஓடியவன் ஆணைக் காண்கின்றான். பெண் வெடியில் மாள்கின்றாள். சித்திரவதையாற் பெற்ற வாக்கு நம்பத்தகாதது என்று நாம் நீதிமன்றங்களில் நாட்கணக்காக வாதிப்பதை, இப்படம் சில நிமிடங்களிற் காட்டிவிட்டது. எத்தகைய அசாதாரண நிலைமையும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்று 1984 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம் விதித்தது. அமெரிக்க உளவு நிறுவனத்தின் கொடிய விசாரணை முறைகள் பயன்றரும் வழியல்ல என்று அந்நாட்டுச் செனற் சபையின் குழுவே 2014 டிசம்பரில் அறிக்கையிட்டது. ஆறு ஆண்டுகள் முன்னரே அதனைச் சொன்ன பெருமை இப்படத்துக்கு உண்டு.

இன்னொரு காட்சியும் போற்றத்தக்கது. இரு கப்பல்கள், ஒன்றிற் சாதாரண நகர மாந்தர், மற்றதிற் சிறைக்கைதிகள். ஒவ்வொரு கப்பலிலும் வெடிகுண்டு. ஒரு கப்பலை வெடிக்கச் செய்யும் விசை மற்றக் கப்பலிலுள்ளார் கையில். நள்ளிரவுக்குள் எவரும் அழுத்தாவிடின் இரண்டும் அழியும் என்பது ஜோக்கரின் நிபந்தனை. நகர மாந்தர் முறைப்படி வாக்கெடுக்கின்றனர். கைதிகளைக் கொன்று தாம் பிழைக்கலாம் என்று பெரும்பான்மையோர் தீர்மானிக்கின்றனர்! ஆயினும், தீர்மானத்தை நிறைவேற்ற விசையைக் கையிலெடுத்தவனால் அதனை அழுத்த முடியவில்லை. மற்றக் கப்பலிற் கைதியொருவன் விசையை வாங்கி வெளியே எறிந்துவிடுகின்றான். எண்ணிக்கை வேறு, நீதி வேறு. வாக்குப் பெட்டி நிறைந்ததனால் அநீதி நீதியாகிவிடாது. இதனை இத்துணைத் தெளிவாகச் சொன்ன அரசியற் பிரசங்கமும் அரிது.

இனிக் குறைகளுக்கு வருவோம். சின்னக் குறைகளைச் சுருங்கச் சொல்வோம். தனக்குத் திட்டமே கிடையாது என்று கூறும் ஜோக்கரின் சதிகளோ, ஒரு நொடி பிசகினும் நடவாதவை. இறந்துபடும் ரேச்சல் என்னும் பெண், தானும் ஒரு சட்டத்தரணியாயிருந்தும், ஆண்களின் கோபத்தை மூட்டும் விறகாக மட்டுமே பயன்படுகின்றாள். நேர்மையான வழக்குத்தொடுநர் ஹார்வி டென்ற், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே உரையாடலோடு கொலைஞனாகிவிடுவது நம்ப அரிது.

பெருங்குறைகள் மூன்று. முதலாவது, ஹொங்கொங் விவகாரம். கள்ளப்பணக் கணக்கனொருவன் அங்கே ஓடிவிடுகின்றான். அவனைத் திருப்பி அனுப்புமாறு கேட்கும் சட்டமுறை வீணென்று, பட்மன் ஆகாயமார்க்கமாகத் தூக்கிவந்து பொலிஸ் வாசலிற் போடுகின்றான். வழக்குத்தொடுநர் எவ்வித கூச்சமுமின்றி அவனை வைத்து 500 க்கு மேற்பட்டோரை ஒருங்கே கூண்டிலேற்றுகின்றார். படம் புன்முறுவல் பூக்கின்றது. இது வெறுங் கற்பனையா? அயல்நாட்டிலிருந்து பலவந்தமாகக் கடத்திவரப்பட்டவனையும் விசாரிக்கலாம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1992 இல் தீர்த்தது. 2003 இல் மிலான் நகரத் தெருவில் மதகுரு ஒருவர் கடத்தப்பட்டார். அதற்காக 23 அமெரிக்கரை, அவர்கள் முன்னிலையாகாத நிலையிலேயே, இத்தாலிய நீதிமன்றம் 2009 இற் குற்றவாளிகளாகக் கண்டது. படத்தில் வீரச்செயல், மிலானிற் குற்றச்செயல்.

இரண்டாவது, ஒட்டுக்கேட்கும் இயந்திரம். நகரத்துத் தொலைபேசிகள் யாவற்றையும் பட்மன் உளவுக்கருவிகளாக்கி, மூன்று கோடி மக்களையும் வேவு பார்க்கின்றான். அவன் உதவியாளர் லூசியஸ் பொக்ஸ் இது தவறென்று கண்டிக்கின்றார். கண்டித்துவிட்டு, இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்று இயக்குகின்றார்! வேலை முடிந்ததும் இயந்திரம் தானே அழிந்துபோகின்றது. நாமும் நிம்மதியாக வீடு செல்கின்றோம். இங்கேதான் படம் பொய் சொல்கின்றது. நீதிமன்றப் பிடியாணையின்றி அரசாங்கம் ஒட்டுக்கேட்பது 2005 டிசம்பரில் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. இப்படம் அங்கு வெளிவருவதற்கு எட்டு நாட்கள் முன், 2008 ஜூலை 10 ஆந் தேதி, அதற்குத் துணைநின்ற தொலைபேசிக் கம்பனிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் வேவு அதிகாரம் தவணை வைத்துக் கொடுக்கப்பட்டது; தவணை முடிய முடிய 2012 இலும் 2018 இலும் 2024 இலும் நீடிக்கப்பட்டது. வெள்ளித்திரையில் இயந்திரம் தானே வெடிக்கும். வாழ்க்கையில் எந்த அரசாங்கத்தின் இயந்திரம் தானே வெடித்தது?

மூன்றாவது, முடிவு. கொலைஞனாகி மாண்ட டென்றின் குற்றங்களைப் பட்மன் தன் தலையிற் போட்டுக்கொள்கின்றான். பொலிஸ் அதிகாரி கோடனும் உடன்படுகின்றார். மக்களுக்கு உண்மை தாங்காதாம்; பொய்யால் அவர்களின் நம்பிக்கையைக் காக்க வேண்டுமாம்! இதனைத் தியாகமென்று படம் போற்றுகின்றது. நாம் கேட்கின்றோம்: மக்கள் எதைத் தாங்குவர், எதைத் தாங்கார் என்று தீர்மானிக்க இவ்விருவருக்கும் ஆணை கொடுத்தவர் யார்? சற்று முன்னர்தான் கப்பலிலிருந்த மக்கள் தமது நேர்மையை நிரூபித்தனர். அவர்களை நம்பாத காவலர், பின்னர் யாரைத்தான் காக்கின்றனர்? 2012 இல் வந்த மூன்றாம் படம் இப்பொய்யின் விளைச்சலைக் காட்டியது: டென்றின் பெயரால் ஒரு சட்டம், அதன்கீழ் நிபந்தனை விடுதலை மறுக்கப்பட்டு அடைபட்ட கைதிகள், ஈற்றில் உண்மையை ஊரறிய வெளியிட்டவனோ பகைவன்.

அமெரிக்க எழுத்தாளர் அன்ட்ரூ கிளேவன், படம் வெளிவந்த அதே மாதத்தில், பட்மனை ஜனாதிபதி புஷ்ஷுக்கு ஒப்பிட்டுப் பாராட்டினார். அவசரவேளையில் உரிமைகளின் எல்லையைச் சற்றுத் தாண்டுவதும், ஆபத்து நீங்கியபின் அவ்வெல்லையை மீண்டும் நிறுவுவதும் தகும் என்பது அவர் வாதம். அவருக்கு மறுமொழி படத்திலேயே உண்டு. பகைவர் வாயிலில் வந்தபோது றோமர் ஒருவனுக்கே அதிகாரமனைத்தையும் ஒப்படைத்தனர் என்று டென்ற் புகழ, அப்படிப் பெற்ற சீசர் அதனைத் திருப்பித் தரவில்லையே என்று ரேச்சல் இடித்துரைக்கின்றாள். உண்மைதான், சீசர் கி.மு. 44 இல் ஆயுட்காலச் சர்வாதிகாரியானான். படத்தில் வரும் மிகச் சிறந்த அரசியல் வாக்கியத்தைச் சொன்ன அப்பெண்ணைக் கொன்றுவிட்டு, அவ்வாக்கியத்தையும் படம் மறந்துவிட்டது. இதுவே எமது தீர்ப்பு.

ஆகவே, இளம் நண்பருக்குச் சொல்கின்றோம்: படத்தைப் பாருங்கள், லெட்ஜரின் நடிப்பை வியந்து மகிழுங்கள், கப்பற் காட்சியில் கண்கலங்குங்கள். ஆனால் பட்மன் வரவேண்டுமென்று வேண்டாதீர்கள். உமது கட்சிக்காரனுக்காக வேலி பாயும் வீரன், நாளை அவன் பிள்ளையைத் தூக்கவும் அதே வேலியைத்தான் பாய்வான். அன்று நீர் எந்தச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு யாரிடம் ஓடுவீர்? வேலி உக்கியதென்றால், கதியால் நாட்டி வரிந்து கட்டுவதே கமக்காரன் அறிந்த வழி. நன்றாக மேய்கின்ற வேலியொன்றைத் தேடி அவன் எங்கும் போனதில்லை.