கைக்கேற்ற கருவி

கருவி சிறிதாயினும் தொழிலுக்குப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர் கொண்டு சென்ற கருவிகள் மிகச் சில: விரைந்து ஆழம் சேர்வதற்கு ஒரு கல், மேலே ஏறுவதற்கு ஒரு கயிறு, சிப்பிகளை இடுவதற்கு ஒரு வலைப்பை. கயிறு பழுதாயின் உயிருக்கே ஊறு நேரும். ஆதலின் அங்கே கருவியின் எண்ணிக்கை பெரிதன்று, தகுதியே பெரிது. 1961-ஆம் ஆண்டுக்குப் பின் அக்கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. எனினும் அப்பாடம், இன்றைய இளைஞர் கற்கத்தக்க வேறொரு கைத்தொழிலுக்கும் பொருந்தும். வீட்டு மின்னணுப் பொருள்களைப் பழுது பார்ப்பதே அத்தொழில்.

வானொலிப் பெட்டி ஊமையானாலும், மின்கல விளக்கு எரியாவிட்டாலும், உள்ளே ஓர் இணைப்பு விட்டுப்போனதே பலமுறை காரணமாக இருக்கும். உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியில் இக்குறை எளிதில் நேரும். காற்றில் வரும் உப்புத்துகள் உலோகத்தின்மேல் படிந்து ஈரத்தை ஈர்க்கின்றது. செம்பு பச்சை பூத்து அரிக்கப்படுகின்றது. ஓர் இணைப்புக்காக முழுப்பொருளையும் எறிந்துவிடுவது பொருளிழப்பு மட்டுமன்று; அதிலுள்ள காரீயம் மண்ணையும் கெடுக்கும். இணைப்பை மீண்டும் பற்றவைக்கக் கற்றவன் வீட்டுக்கும் ஊருக்கும் பயன்படுவான்.

இதற்கு முதலில் வேண்டுவது கடைகளில் ‘சால்டரிங் அயர்ன்’ என வழங்கும் சூட்டுக்கோல். தடித்த தகடுகளை இணைக்கும் 100 வாட் கோல் சிறு பணிக்கு ஆகாது. மின்சுற்றுப் பலகையில் செம்புக் கோடுகள் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. மிகுந்த வெப்பம் அவற்றைப் பெயர்த்துவிடும். தொடக்கநிலையினருக்கு 25 வாட் கோல் போதும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கோல் வாங்க இயலுமாயின் இன்னும் நன்று. இக்காலக் கோல்களின் செம்பு முனைக்கு இரும்புப் பூச்சு உண்டு. அம்முனையை அரத்தால் தேய்த்தல் கூடாது. பூச்சு போனால் முனை விரைவில் கரைந்துபோகும்.

அடுத்தது பற்றாசு. தமிழில் ஈயம் என்னும் ஒரே சொல் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் குறிக்கும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஆறியதும் உடனே உறையும். காரீயம் இல்லாத வகை உருக ஏறத்தாழ 220 பாகை வேண்டும். முதல் வகை பழகுவதற்கு எளிது. ஆயினும் காரீயம் நஞ்சாதலின், பணி முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது.

பற்றாசு நன்கு ஒட்டுவதற்குத் துணைப்பொருள் ஒன்று வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைப் பயன்படுத்துவர். பாத்திரத்தைப் பின்பு கழுவிவிடலாம். மின்சுற்றின் இடுக்குகளில் தங்கிய நவச்சாரமோ, கடற்காற்றின் உப்பைப் போலவே ஈரம் ஈர்த்துச் செம்பை அரிக்கும். பழுது நீக்கியவனே புதிய பழுதை விதைத்தவனாவான். ஆகவே பைன் மரப்பிசின் உள்ளீடாக அமைந்த மெல்லிய பற்றாசுக் கம்பியையே தேர்தல் வேண்டும்.

கோலைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி, முனையைத் துடைக்க ஈரப்பஞ்சு, பழைய பற்றாசை உறிஞ்ச ஒரு குழல், கண்ணுக்கு ஒரு காப்புக் கண்ணாடி ஆகியவை இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நாற்பது கருவிகள் நிறைந்த மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கினால் என்ன என்று சிலர் வினவுவர். அப்பெட்டியின் கோல் சூடு நிலைக்காததாயின் மற்றவை அனைத்தும் வீணே. விலையுயர்ந்த கருவியே திறமை தரும் என்பர் வேறு சிலர். கருவி கைக்குத் துணை செய்யும், பயிற்சிக்கு ஈடாகாது. கோலுக்கும் பற்றாசுக்கும் தயங்காது செலவிடுக. மற்றவற்றைத் தேவை எழும்போது வாங்குக. இதுவே சிக்கனத்துக்கும் அறிவுக்கும் ஏற்ற வழி.

காயலான் கடையில் கிடைக்கும் பழைய பலகைகளில் முதலில் பழகுதல் நன்று. காற்றோட்டமுள்ள இடத்தில், மின்கலத்தால் இயங்கும் சிறு பொருள்களிலிருந்து, அறிந்தவர் மேற்பார்வையில் தொடங்குதல் வேண்டும். மின்கலத்தை முதலில் அகற்றிவிட வேண்டும். படக்குழாய்த் தொலைக்காட்சியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் தொடக்கநிலையினர் திறத்தல் கூடாது. இணைப்பை நீக்கிய பின்னரும் அவற்றுள் உயிர்க்கொல்லி மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லை அறிந்து இறங்கியவனே கடலிலிருந்து முத்தோடு மீண்டான். எந்தக் கருவி வேண்டும், எந்தக் கருவி வேண்டா, எதைத் தொடலாகாது என்று தெளிந்த இளைஞனே இத்தொழிலிலும் சிறப்படைவான்.