மலைத் தண்ணீரும் நாலு வழிச் சாலையும்

மதுரையிலிருந்து குற்றாலத்துக்குப் புறப்படும் குடும்பங்களில், சாமான்களை மூட்டை கட்டும்போதே ஒரு பேச்சு எழுவதுண்டு. "வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவாவும் வாங்கிக் கொள்ளலாம்" என்பார் வீட்டு அம்மாள். "ராஜபாளையம் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்" என்பார் வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதும் நியாயந்தான்.

திருமங்கலத்தில் பிரிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கொல்லம் போய்ச் சேருகிறது இந்த நெடுஞ்சாலை. முன்பு 208 என்ற எண், இப்போது 744. கேரளத்துக்குப் போகும் லாரிகளெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் பால்காரர் சைக்கிளோடும் முட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே ஓடினால் என்ன ஆகும்? ஆகவே, நல்ல சாலை வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதமில்லை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை சுமார் 70 கிலோமீட்டரை நாலு வழியாக்கும் வேலை 2020-க்குப் பின் தொடங்கியது. அதற்குத் தெற்கே, செங்கோட்டை வரையில் ஏறக்குறைய அதே நீளம். அங்கேதான் தகராறு எழுந்தது. நஞ்சையையும் தென்னந்தோப்பையும் கிணற்றையும் விட்டுவிட்டு வேறு பாதை பாருங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள்.

"சாலை போட்டால் நாலு வயல் போகத்தான் செய்யும்" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கையை விரல்களை விரித்து மேஜைமேல் வையுங்கள். மணிக்கட்டுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. விரல்கள் மலையிலிருந்து கிழக்கே இறங்கும் ஓடைகள். இப்போது விரல்களுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். அதுதான் சாலை! இந்தச் சீமையில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. சாலையோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ஓடையையும் வாய்க்காலையும் அது குறுக்கே வெட்டியே தீரவேண்டும். போதாததற்கு, ஊரைச் சுற்றிப் போவதுதான் புறவழிச் சாலை. ஊரைச் சுற்றி இருப்பவை எவை? வயலும் கண்மாயும் தோப்புந்தானே!

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பக்கம் மலையிலிருந்து வரும் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து, நகரத்தாருக்குக் குடிநீராகிறது. மற்ற ஓடைகள் கண்மாய்களை நிரப்புகின்றன. ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். பந்தியில் முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை பரிமாறிக்கொண்டு வருவது போல! நடுவில் ஓரிடத்தில் தடுத்தால், கடைசி இலைக்காரர் பட்டினிதான்.

வேகமாகப் போகும் வண்டிகளுக்காகச் சாலையை மண்கொட்டி உயர்த்துகிறார்கள். அடியில் தண்ணீர் போகச் சிறு பாலங்கள் கட்டுகிறார்கள். சிறு பாலத்தின் தளம் ஓடையைவிட ஓர் அடி உயர்ந்துவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்கே பயிர் மூழ்கி அழுகும். கிழக்கே கண்மாய் காய்ந்து கிடக்கும். கண்மாய் காய்ந்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் மாட்டுக்குத் தீவனம் ஏது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால்தான் ஏது?

மரங்களின் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் மேகமலையையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள புலிகள் காப்பகமாயிற்று. இந்த அணில் பெரும்பாலும் மரக்கிளைகள் வழியாகவேதான் பிரயாணம் செய்யும். அடிவாரத்து மாந்தோப்புக்கும் புளியமரங்களுக்கும் வந்துபோகும். ஆகவே, காட்டுக்குள் நுழையாத சாலையானாலும், தோப்புகளைத் துண்டு துண்டாக்கினால் அதன் வழி அடைபடும். வெட்டிய புளியமரத்துக்குப் பதில் பத்துக் கன்றுகள் வைக்கலாம். கிளையோடு கிளை கோத்து நிற்க எத்தனை ஆண்டு காத்திருப்பது?

இதையெல்லாம் ஆராய்ந்து பார்க்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் 2013-இல் செய்த திருத்தத்தின்படி, தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் புது நிலமும் சேர்ந்தால்தான் முன் அனுமதி கட்டாயம். எழுபது கிலோமீட்டர்த் துண்டு அந்த வரம்புக்குள் வராது. சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை 277 கிலோமீட்டர். அதற்கு நிலம் எடுக்கும் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமோ, நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டியதில்லை என்று கூறிவிட்டது. இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? யாராவது வந்து கருத்துக் கேட்பார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், காரியம் கைமீறிப் போய்விடும்.

1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் தேவை என்ற அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். நேரில் விசாரிக்க வேண்டியது அதிகாரியின் கடமை. அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையிலும் வரும். சகோதரிகளே, அன்றைய பத்திரிகையை மாவு சலிக்க விரிப்பதற்கு முன், பிறந்த ஊரின் பெயரும் சர்வே எண்ணும் அதில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆட்சேபணையில் "எங்கள் நிலம் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், எந்த ஓடை, எந்தக் கண்மாய், மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், எத்தனை மரம், கிணறு எங்கே என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். வரப்பில் நடந்து பழகிய பாட்டிமாருக்குத் தெரிந்த இந்த விவரங்கள் வரைபடத்தில் இருப்பதில்லை.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள். நிலத்தில் பெண்களுக்கு உரிய பங்கு நஷ்ட ஈட்டிலும் உண்டு. "உனக்கு எதற்கம்மா இதெல்லாம்?" என்று அண்ணன்மார் நீட்டும் காகிதத்தில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாலை வரட்டும். மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரசவக் கேஸ் அரைமணி முன்னதாகப் போய்ச் சேருமானால், அது பெரிய காரியமல்லவா? ஆனால் அளவெடுக்க வருகிறவர்களிடம் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்: "ஐயா, நீங்கள் கட்டப்போகும் பாலத்தின் தளம் எங்கள் ஓடையைவிட உயரமா, தாழ்வா?" அதற்குப் பதில் எழுத்தில் வரும் வரையில் விடாதீர்கள்!