கோடை விடுமுறையும் அரசியல் படிப்பும்

தேர்வுகள் முடிந்துவிட்டன. தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் நம் குடும்பங்கள் பெட்டி கட்டுகின்றன. ஊரில் கோயில் கொடை, கலியாணம், காதுகுத்து என்று இரண்டு மாதம் ஓடிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும்போது பிள்ளைகளில் பாதிப்பேர் ஊரில் இருப்பார்கள். மேலே என்ன படிப்பது என்பதும் அங்கே, மாமாவும் சித்தப்பாவும் கூடியிருக்கும் திண்ணையில் தீர்மானமாகும். பி.காம். அல்லது ஐ.டி.ஐ.; பெண்பிள்ளையானால் மாப்பிள்ளை. "நான் அரசியல் அறிவியல் படிக்கிறேன்" என்று ஒரு பெண் வாய் திறந்தால், "ஏன், எம்.எல்.ஏ. ஆகப் போகிறாயோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அத்துடன் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

அந்தச் சிரிப்பை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இந்த மாதம் சொல்ல வந்திருக்கிறோம்.

சொந்த ஊரில் இருப்பவனுக்குத் தாலுகா ஆபீசில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். பிழைக்க வந்த நமக்கு இரண்டு அரசுகள். இங்கே கேட்டால் "உன் மாநிலத்தில் போய்க் கேள்" என்கிறார்கள். அங்கே கேட்டால் "நீங்கள்தான் மும்பைக்காரர் ஆகிவிட்டீர்களே" என்கிறார்கள். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நமக்குத் துணை, எழுதி வைத்த சட்டம் ஒன்றுதான். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் அந்தத் துணையும் இல்லை.

சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ள குடும்பம் மராட்டியத்துக்குக் குடிபெயர்ந்தால், இந்த மாநில அரசின் வேலையிலும் கல்லூரியிலும் அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. அதே சாதிப் பெயர் இங்குள்ள பட்டியலில் இருந்தாலும் முடியாது. 1990-இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. 2018-இல் அதையே உறுதி செய்தது. காரணம் என்ன? அரசமைப்புச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு அந்தப் பட்டியலை மாநிலவாரியாக வகுத்திருக்கிறது. ஆனால் அகில இந்திய அளவில் ஆள் எடுக்கும் மத்திய அரசுப் பணிகளுக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். இந்த வேறுபாடு தெரியாமல் நம்மில் எத்தனை பிள்ளைகள் தவறான கவுண்டரில் நின்று ஓர் ஆண்டை இழந்தார்கள்! பிறந்த மண்ணில் அனுபவித்த இழிவு ரயிலேறி இங்கே வருகிறது. அதற்கான நிவாரணம் மட்டும் எல்லையில் இறங்கிவிடுகிறது. இது நியாயமா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு 341 என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரேஷன் அட்டையும் அப்படித்தான். 2020-இல் ஊரடங்கு வந்தபோது அட்டை ஓர் ஊரில், வயிறு ஓர் ஊரில் என்று நம் மக்கள் தவித்தார்கள். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தை எல்லா மாநிலங்களும் ஜூலை 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆணையிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டையானால் ஊர் அட்டைக்கு இங்கேயும் தானியம் வாங்கலாம். கடைக்காரர் தலையாட்டி மறுத்தால் இதைச் சொல்லிக் கேட்க வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?

1960-களின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னாட்டாரை விரட்டு என்ற முழக்கம் எழுந்தது. நம் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இரவைக் கழித்தார்கள். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்க 19-ஆவது பிரிவு அன்றும் உரிமை தந்திருந்தது. அதை எடுத்துச் சொல்லத் தெருவுக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் கல் வீச்சு நின்றிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் கை கட்டி நிற்காமல் நிமிர்ந்து நின்று புகார் எழுதியிருப்போம் என்றுதான் சொல்கிறோம்.

அரசியல் படிப்பு பணக்காரன் பிள்ளைக்கு உரியது என்பவர்களுக்கு இந்த நகரத்திலேயே பதில் இருக்கிறது. பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த அண்ணல் அம்பேத்கர், எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். அவர் எடுத்த பாடங்கள் பொருளாதாரமும் அரசியல் அறிவியலும். தம் கடைசி ஆண்டான 1956-இல், ஜூலை மாதம், அரசியலில் நுழைவோருக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியை இதே பம்பாயில் தொடங்கினார். சேர்ந்தவர்கள் 15 பேர். டிசம்பரில் அவர் மறைந்தார். சில மாதங்களில் பள்ளியும் நின்றுபோனது. சட்டத்தை எழுதியவரே, அதை நடத்துவதற்குப் படித்த ஆட்கள் வேண்டும் என்று கருதினார் என்பதை நாம் மறக்கலாகாது.

"வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியை நாம் தட்டிக் கழிக்கவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற நமக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். அரசியல் அறிவியல் பட்டம் மட்டும் சோறு போடாது. எந்த பி.ஏ.வும் போடாது. ஆனால் இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கும், ரயில்வேயின் பட்டதாரிப் பணிகளுக்கும் எந்தப் பட்டமானாலும் போதும். சட்டப் படிப்பு 3 ஆண்டில் முடிக்கவும் எந்தப் பட்டமானாலும் போதும். போட்டித் தேர்வுகளின் பொது அறிவுத் தாளில் அரசமைப்பைப் பற்றிக் கேட்காத தேர்வு அரிது. ஆக, வழி அடைபட்ட படிப்பு அல்ல இது.

இந்தக் கோடையில் என்ன செய்யலாம்?

ஊருக்குப் போகும் பிள்ளைகள் மே 1 அன்று கிராம சபைக் கூட்டத்தில் போய் உட்காரட்டும். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களில் அதுவும் ஒன்று. வரவு செலவை யார் படிக்கிறார், யார் கேட்கிறார், யார் வாய் மூடி நிற்கிறார், சேரியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று நோட்டில் குறித்து வரட்டும். திரும்பி வந்து மும்பையோடு ஒப்பிடட்டும். இங்கே மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதற்கு முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பு. தேர்தல் நடந்ததோ 2026 ஜனவரியில்! இடையில் குழாயில் தண்ணீர் வராதபோது யாரிடம் போய்க் கேட்டோம்? அந்தக் கேள்வியே அரசியல் அறிவியலின் முதல் பாடம்.

தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூல்கள் தமிழிலேயே இருக்கின்றன, இலவசமாகப் பதிவிறக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புவோருக்கு 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜூலையிலும் ஜனவரியிலும் சேரலாம்; தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. அதிலும் அரசியல் அறிவியல் ஒரு பாடம். ஷிப்டு வேலை பார்ப்பவர்களும், பிள்ளை பெற்றபின் படிப்பை விட்ட நம் சகோதரிகளும் இதை யோசிக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், நல்ல காரியம். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் சங்க அறையைக் கோடையில் ஞாயிறுதோறும் 2 மணி நேரம் திறந்து, அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டால் செலவு என்ன ஆகிவிடும்? ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கொஞ்சம் தேநீர்.

ஓட்டுக் கேட்டு வருபவர்கள் நம் தலைகளை எண்ணுகிறார்கள். நாம் பேசுவதை எண்ணுவதில்லை. நம் பிள்ளைகள் படித்துப் பேசினால் எண்ண வேண்டிவரும். ஆகவே, ஊர்த் திண்ணையில் அந்தப் பெண் வாய் திறக்கும்போது சிரிக்காதீர்கள். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்!